ஒரு சட்டி மீனும் கிழங்கும்: மட்டக்களப்பு வீட்டு இராச்சாப்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மீனும் உருளைக்கிழங்கும் ஒரே சட்டியில் வேகும் ஆணம் எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இருக்கும். ஆணம் என்றால் குழம்புதான், எங்கள் பக்கத்துச் சொல். ஒரு மீன், மூன்று கிழங்கு, ஒரு தேங்காய் இருந்தால் போதும். வேலை முடிந்து ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தாலும் ஏழு மணிக்குக் கோப்பையில் போட்டுவிடலாம்.

இவ்வளவு சுலபமான கறியைத்தான் நான் ஒருநாள் படுமோசமாகக் கெடுத்தேன். 2022இல் காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற நேரம். முற்றத்தில் மூன்று கல்லை வைத்து விறகில் சமைத்துக்கொண்டிருந்தோம். விறகை மிச்சம் பிடிக்கலாமே என்று கிழங்கு, தூள், புளி, மீன் எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு மூடினேன். நாற்பது நிமிடம் போனது. மீன் உதிர்ந்து தூளாகிவிட்டது, கிழங்கு கடித்தால் கறுக் கறுக்கென்றது. அம்மா அகப்பையை விட்டு ஒரு கிழங்கை எடுத்து நசித்துப் பார்த்தார். நசியவில்லை. "கிழங்கு வெந்த மறுகாதானே மனே புளி விடுற" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காரணத்தை நான் பிறகுதான் தேடி அறிந்தேன். கிழங்கின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது இளகும்போதுதான் கிழங்கு மெத்தென்று ஆகிறது. புளிப்பு சேர்ந்தால் அந்தப் பசை இளகாமல் இறுகி நிற்கும். எத்தனை விறகு எரித்தாலும் கிழங்கு அரைவேக்காடுதான். மீனோ நேர் எதிர்: பெருவிரல் தடிப்புத் துண்டு கொதிக்கும் ஆணத்தில் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். ஆகவே இந்தச் சமையலில் முதலில் கிழங்கு, அது வெந்த பிறகு புளி, அப்புறம் மீன், ஆகக் கடைசியில் முதற்பால், அதாவது தேங்காயை முதல் தடவை பிழிந்த கெட்டிப்பால். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த வரிசையைச் சுற்றித்தான்.

நாலு பேருக்கு வேண்டியவை

துண்டாக வெட்டிய மீன் 600 கிராம். முழு மீனாக வாங்கினால் ஒரு கிலோ அளவில் வாங்குங்கள், தலையும் குடலும் செதிலும் போனால் கணக்குச் சரியாக வரும். உருளைக்கிழங்கு 400 கிராம். தேங்காய் ஒன்று. சின்ன வெங்காயம் 10, உள்ளி (பூண்டு) 6 பல், பச்சைக் கொச்சிக்காய் (மிளகாய்) 3, கறிவேப்பிலை ஒரு நெட்டு, றம்பை என்ற வாசனை இலை விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. வெந்தயம் அரைத் தேக்கரண்டி, வறுத்துத் திரித்த கறித்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. பழப்புளி பாதித் தேசிக்காய் (எலுமிச்சை) அளவு. தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. உப்பை ஒன்றரைத் தேக்கரண்டியில் தொடங்கி, பிறகு நாக்குப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

கறித்தூள் வீட்டில் திரித்ததாக இருந்தால் நல்லது. கொச்சிக்காய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து ஒன்றாகத் திரித்த தூள். கடைத்தூளில் உறைப்புக் கூடினால் ஒன்றரைக் கரண்டி போதும். பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கரண்டியோடு நிறுத்தி, பெரியவர்களுக்குப் பச்சைக் கொச்சிக்காயைக் கடித்துக்கொள்ளக் கொடுப்பதுதான் வழக்கம்.

என்ன மீன்?

இதில்தான் அவசரப்படக் கூடாது. கிழங்கோடு சேரும் மீனுக்குச் சதை இறுக்கமாக இருக்க வேண்டும். பாரை, விளைமீன், கலவாய் மூன்றும் இதற்கென்றே பிறந்தவை மாதிரி. துண்டு உடையாது, ஆணத்துக்கு இனிப்பும் இறங்கும். சூடை, சாளை போன்ற சின்ன மீன்களை இதில் போடாதீர்கள். அவற்றின் இடம் புளி ஆணமும் பொரியலும். கிழங்கோடு போட்டால் முள்ளைப் பொறுக்கவே நேரம் போய்விடும்.

சூரை போடலாம், நானும் போடுவேன். ஆனால் சூரையில் ஒரு விஷயம் கவனம். பிடித்த பின் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சூரை, கும்பளா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஊர் சுற்றி வந்த சூரை மலிவாகக் கிடைத்தாலும், பெட்டிக்குள் ஐஸ் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நல்ல மீனைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த முறை இது. முதலில் செவிளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். மண்ணிறமாக மாறியிருந்தால் வேண்டாம். கண் முட்டிக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். அப்புறம் வயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்துங்கள். விரலை எடுத்ததும் குழி நிரம்பிவிட்டால் சரி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் கடல் வாசம் வர வேண்டும், மீன் நாற்றம் வரக் கூடாது. வியாபாரிக்குக் கோபம் வருமே என்று கூச்சப்பட்டால் வீட்டில் வந்துதான் முகரப் போகிறீர்கள்.

பருவத்தையும் பாருங்கள். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் ஜனவரி வரை கடல் அடிக்கடி கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையில் ஏறிவிடும். கல்லடி, நாவலடிக் கரைகளில் கரைவலை இழுப்பதும் குறைந்துவிடும். அந்த நாட்களில் வாவி மீனும் குளத்து மீனும்தான் கைகொடுக்கும். உன்னிச்சைக் குளத்தில் இருந்தோ, அம்பாறைப் பக்கம் என்றால் சேனாநாயக்க சமுத்திரத்தில் இருந்தோ வரும் திலாப்பியாவும் இந்தக் கறிக்கு ஏற்றதே. 1952இல்தான் அந்த மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது, இப்போது அது இல்லாத குளமே இல்லை என்று சொல்லலாம். சிலர் அதைச் 'சேத்து மீன்' என்று ஒதுக்குவார்கள். அந்தச் சேற்று வாசத்துக்கு மருந்து இருக்கிறது, கழுவும் இடத்தில் சொல்கிறேன்.

கிழங்கு

நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கு கிடைத்தால் அதை எடுங்கள். வெளிநாட்டுக் கிழங்கும் ஆகாதது இல்லை. எதுவானாலும் கையில் கனமாக, தோல் சுருங்காமல் இருக்க வேண்டும். பச்சை பிடித்த கிழங்கை எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான இடத்தில் சொலனின் என்ற நச்சு கூடியிருக்கும், கைக்கும். சின்ன இடம் என்றால் ஆழமாகச் சீவிவிடலாம், பாதிக் கிழங்கு பச்சை என்றால் எறிந்துவிடுங்கள். வீட்டில் வெங்காயக் கூடையிலே கிழங்கையும் போட்டு வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரண்டையும் பிரித்து வையுங்கள், கிழங்கு சீக்கிரம் முளைவிடாது.

தோலைச் சீவி, நடுத்தரக் கிழங்கை நாலாக வெட்டுங்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் இருக்கட்டும். இதைவிடச் சின்னதாக வெட்டினால் வேகம் கூடும், ஆனால் மீன் போட்டு ஆட்டும்போது கரைந்துபோகும். துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பது முக்கியம். வெட்டியதும் தண்ணீரில் போட்டு வையுங்கள், கறுக்காது.

மீனைக் கழுவுதல்

மாமூலான வேலைதான்: கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வாலில் இருந்து தலைப்பக்கமாகச் செதிலைச் சுரண்டி, செவிளையும் குடலையும் எடுத்து, பெருவிரல் தடிப்புக்குத் துண்டு போடுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது நடுமுள்ளை ஒட்டி ஓடும் கறுத்த இரத்தக் கோடு. வயிற்றைத் திறந்ததும் அதை விரல் நகத்தால் கீறிவிட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்து எடுங்கள். ஆணத்தில் வரும் கவுச்சியின் பெரும்பகுதி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

பிறகு ஒரு கைப்பிடி உப்புப் போட்டுப் பிசறி, இரண்டு தண்ணீரில் கழுவுங்கள். கடல் மீனுக்கு இவ்வளவு போதும். குளத்து மீனுக்கும் மழைக்கால வாவி மீனுக்கும் இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு தேசிக்காயைப் பிழிந்து, கால் தேக்கரண்டி மஞ்சளும் சேர்த்துப் பத்து நிமிடம் பிரட்டி வைத்துவிட்டுக் கழுவுங்கள். சேற்று வாசம் தருவது பாசியில் உண்டாகும் ஜியோஸ்மின் என்ற பொருள். புளிப்பில் அது உடைந்துபோகும். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று ஊற வைக்காதீர்கள். தேசிப்புளியில் சதை வெளுத்து, சட்டியில் போட்டதும் உதிரும்.

தலையை எறியாதீர்கள். இரண்டாகப் பிளந்து இதே ஆணத்தில் போடலாம். எங்கள் வீட்டில் தலைக்குத்தான் சண்டை.

தேங்காய்ப்பால்

தேங்காயைத் திருவுங்கள். இரவுக்குப் புட்டு என்றால் இப்போதே இரண்டு கைப்பிடிப் பூவைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் வருவது முதற்பால், ஒரு தேநீர்க் கோப்பை அளவு இருக்கும். அதைத் தனியே வையுங்கள். அதே பூவில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டு தடவை பிழிந்து, அரை லீற்றருக்கும் கொஞ்சம் கூடத் தண்ணிப்பால் எடுங்கள். கிழங்கு வேகப் போவது இந்தத் தண்ணிப்பாலில்.

பைக்கற்றில் வரும் தேங்காய்ப்பால் மாவும் பாவிக்கலாம். அவசர நாட்களில் நானும் அதுதான். ஆனால் கிழங்கு வேகும் தண்ணிப்பாலுக்கு மா போதும், கடைசியில் விடும் முதற்பாலுக்கு அது தேங்காயின் கிட்டவும் வராது.

இனி அடுப்பு

முதலில் சோற்றையோ புட்டையோ ஏற்ற வழி பார்த்துக்கொள்ளுங்கள். ஆணம் அடுப்பில் இருப்பது முப்பத்தைந்து நிமிடம். சோறு என்றால் அதற்கு முன்னரே உலையை வையுங்கள்.

அகலமான மண்சட்டிதான் இதற்குத் தோதானது. மீன் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் படுக்க வேண்டும் என்பதற்காக அகலம் வேண்டும். மண்சட்டி இல்லாவிட்டால் சில்வர்ச் சட்டி பாவியுங்கள். வெறும் அலுமினியச் சட்டியில் புளிக்கறி வைக்காமல் விடுவது நல்லது, புளி அலுமினியத்தைத் தின்னும், ருசியும் மாறும்.

எண்ணெய் காய்ந்ததும் வெந்தயத்தைப் போடுங்கள். பொன்னிறம் வந்த உடனேயே அடுத்ததைப் போட வேண்டும். வெந்தயம் கறுத்தால் ஆணம் முழுக்கக் கைக்கும், அதைத் திருத்த வழியே இல்லை, எண்ணெயைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குவதுதான். வெங்காயம், உள்ளி, கீறிய கொச்சிக்காய், கறிவேப்பிலை, றம்பை எல்லாவற்றையும் போட்டு வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும் மட்டும் வதக்குங்கள். சிவக்க வதக்க வேண்டாம்.

இப்போது கிழங்கைத் தண்ணீர் வடித்துப் போடுங்கள். இரண்டு நிமிடம் பிரட்டிய பின் அடுப்பைக் குறைத்து, கறித்தூளையும் மஞ்சளையும் உப்பையும் தூவி, தூள் கிழங்கில் ஒட்டும்படி ஒரு பிரட்டுப் பிரட்டுங்கள். தூள் அடிப்பிடிப்பதற்கு முன் தண்ணிப்பாலை விட்டுவிடுங்கள். கிழங்கு மூடும் அளவுக்குப் பால் நிற்க வேண்டும். கொதித்ததும் மூடி, நடுத்தரச் சூட்டில் 12 தொடக்கம் 15 நிமிடம்.

வெந்ததா என்று பார்க்க எங்கள் வீட்டில் ஈர்க்குத்தான். தென்னோலையில் இருந்து ஒரு ஈர்க்கைச் சுத்தமாக வார்ந்து எடுத்து, ஆகப் பெரிய கிழங்குத் துண்டின் நடுவில் குத்துவோம். ஈர்க்கு வளையாமல் உள்ளே போய், தூக்கினால் கிழங்கு ஒரு கணம் கூடவே எழும்பி, அப்புறம் தானாக வழுகி விழ வேண்டும். வழுகாமல் ஈர்க்கிலேயே தொங்கினால் இன்னும் மூன்று நிமிடம். குத்தியதும் பிளந்தால் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை, உடனே அடுத்த வேலைக்குப் போங்கள். ஈர்க்கு இல்லாதவர்கள் முள்ளுக்கரண்டியால் பார்க்கலாம், ஆனால் அது பெரிய ஓட்டை போடும், பல தடவை குத்தினால் கிழங்கு பிளக்கும்.

கிழங்கு வெந்ததென்று உறுதியான பிறகுதான் புளி. பழப்புளியைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, கொட்டையும் நாரும் இல்லாமல் வடித்து விடுங்கள். மூன்று நிமிடம் திறந்து கொதிக்க விட்டால் பச்சை வாசம் போகும். மாங்காய்க் காலத்தில் புளிக்குப் பதிலாகப் பாதி மாங்காயைச் சீவிப் போடலாம். அதுவும் புளிப்புத்தான், ஆகவே அதற்கும் இதே இடம். முன்னுக்குப் போட்டுவிடாதீர்கள்.

இந்த நேரத்தில் ஆணத்தை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பாருங்கள். உப்பும் புளியும் உறைப்பும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும். இனிமேல் மீனும் முதற்பாலும் சேர்ந்து அதை இறக்கிவிடும். இப்போதே சரியாக இருந்தால் கடைசியில் சப்பென்று போகும்.

அடுத்தது மீன். துண்டுகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக ஆணத்துக்குள் அமுக்கி வையுங்கள். தலைத்துண்டு அடியில், மெல்லிய வால்துண்டு மேலே. மூடி, ஏழெட்டு நிமிடம். இந்த நேரம் முழுக்க அகப்பையைத் தொடக் கூடாது. கிண்ட வேண்டும் போலக் கை துடிக்கும், எனக்கும் துடிக்கும். இரண்டு பழந்துணியால் சட்டியின் இரு காதையும் பிடித்து, வலமும் இடமுமாக மெல்ல ஆட்டுங்கள், ஆணம் தானாகச் சுற்றி வரும். நான்கு நிமிடம் போனதும் ஒரு தடவை, இறக்கும் முன் ஒரு தடவை, இரண்டு ஆட்டுப் போதும். காது இல்லாத சட்டி என்றால் ஒரு கரண்டியால் ஆணத்தை அள்ளித் துண்டுகளின் மேல் ஊற்றிக்கொண்டிருங்கள்.

துண்டின் நடுமுள்ளை ஒட்டிய சதை கண்ணாடி நிறம் மாறி வெள்ளையாகத் தெரிந்தால் மீன் வெந்துவிட்டது. உடனே அடுப்பை ஆகக் குறைத்து முதற்பாலைச் சுற்றிவர ஊற்றுங்கள். திரும்பவும் ஆட்டுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ் எழும்பத் தொடங்கும்போதே அடுப்பை நிறுத்த வேண்டும். தளதளவென்று கொதித்தால் பால் திரைந்து, எண்ணெய் தனி, கட்டி தனி என்று பிரியும். சாப்பிடக் கூடாது என்று இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

மூடி பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மண்சட்டி சூட்டை வைத்துக்கொள்ளும், கிழங்குக்குள் ஆணம் இறங்கும். இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காமல் கோப்பையில் ஊற்றினால் ஆணம் தண்ணியாகத் தெரியும். பொறுத்தால் தானே தடிக்கும்.

கோளாறு வந்தால்

பத்து நிமிடம் பொறுத்தும் ஆணம் தண்ணியாகவே இருந்தால், இரண்டு கிழங்குத் துண்டை எடுத்து சட்டியின் ஓரத்திலேயே நசித்துக் கலந்துவிடுங்கள். மா எதுவும் கரைத்து ஊற்ற வேண்டாம். உப்புக் கூடிவிட்டால் 'இன்னொரு கிழங்கைப் போடு, உப்பை உறிஞ்சும்' என்பார்கள். கிழங்கு ஆணத்தை உறிஞ்சுகிறது, உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது, என் அனுபவத்தில் அதனால் பெரிய பலன் இல்லை. தண்ணிப்பால் கொஞ்சம் கூட்டுங்கள், பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள், அதுதான் கேட்கும். புளி விட்ட பிறகுதான் கிழங்கு வேகவில்லை என்று தெரிந்தால் மீனைப் போடாதீர்கள். கிழங்கை மட்டும் அரித்தெடுத்து வேறு சட்டியில் வெறும் தண்ணீரில் அவித்துத் திரும்பச் சேருங்கள். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் மீனாவது தப்பியிருக்கும்.

எதோடு சாப்பிடுவது?

சோற்றோடு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இரவுக்கு என் தேர்வு புட்டு. வறுத்த அரிசி மாவில் உப்பைப் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கையால் உதிர்த்து, எடுத்து வைத்த தேங்காய்ப்பூவையும் கலந்து பத்து நிமிடம் ஆவியில் அவித்தால் ஆயிற்று. மீன் போடும் நேரத்துக்குப் புட்டு ஆவியில் ஏறினால் இரண்டும் ஒன்றாக இறங்கும். அதற்கும் சோம்பலாக இருந்தால் ஒரு றாத்தல் பாண் (ரொட்டி) வாங்குங்கள். அச்சுப் பாணின் ஓரத் துண்டைப் பிய்த்து, கிழங்கை அதில் நசித்து, ஆணத்தில் தோய்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மிஞ்சினால்

தேங்காய்ப்பால் சேர்ந்த கறி நம் ஊர் வெக்கையில் இரவு முழுக்க வெளியில் தாங்காது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், அடுத்த நாள் ஒரு தடவை மட்டும் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். நாலைந்து துண்டு கிழங்கும் இரண்டு துண்டு மீனும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் சூடாக்குவதைவிடக் கட்லட் போடுங்கள். ஆணத்தை வடித்து, மீனில் முள்ளை எடுத்து, கிழங்கோடு சேர்த்து நசியுங்கள். பொடியாக வெட்டிய வெங்காயம், கொச்சிக்காய், அரைத் தேக்கரண்டி மிளகுதூள் சேர்த்து உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரியுங்கள். ஈரம் கூடி உருண்டை நிற்காவிட்டால் இரண்டு கரண்டி ரஸ்க் தூளை உள்ளேயும் கலக்கலாம். உருட்டும்போது ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கிடையில் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். பாரையின் சின்ன முள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் படும்.